ஐசியூவில் அப்பா ஏன் ஆளே மாறிப்போனார்?

கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்று பைல் நாடு. மிளகு, காப்பி, மரவள்ளி, பலா என்று மலைத்தோட்டத்தை நம்பி வாழும் சிற்றூர்கள் கொண்டது அது. இங்கே ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தால் மலையை விட்டு இறங்கியாக வேண்டும். செம்மேட்டில் அரசு மருத்துவமனை உண்டு. ஆனால் கீமோதெரபி, பெரிய அறுவை சிகிச்சை, வென்டிலேட்டர் என்று வந்துவிட்டால் நாமக்கல், சேலம், அதுவும் போதாவிட்டால் கோவை, வேலூர், சென்னை. காரவள்ளி வழியாக இறங்கும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அவ்வளவு தூரம் கூட்டிப்போய், கடனோ உடனோ வாங்கி ஐசியூவில் சேர்த்த மூன்றாம் நாள், மனிதர் பெற்ற மகளைப் பார்த்து "நீ யாரு?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? கையில் ஏறிக்கொண்டிருக்கும் ஊசியைப் பிடுங்குகிறார். சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். என்றைக்கோ இறந்துபோன தம்பி கட்டில் ஓரமாக வந்து நிற்பதாகச் சொல்கிறார். நர்ஸ் தன்னைக் கொல்லப் பார்க்கிறாள் என்று கத்துகிறார்.

வெளியே வராந்தாவில் பாய் விரித்துக் காத்திருக்கும் குடும்பத்துக்கு என்ன தோன்றும்? பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஒருவர் சொல்வார். காத்து கருப்பு அண்டிவிட்டது என்று இன்னொருவர். நோய் மூளைக்கு ஏறிவிட்டது, இனி ஆள் தேறமாட்டார் என்று படித்த மருமகன் மெதுவாகச் சொல்வார். பெரும்பாலும் இந்த மூன்றுமே உண்மை இல்லை. மருத்துவர்கள் இதை டெலிரியம் என்கிறார்கள். காய்ச்சல் உச்சத்தில் பிதற்றுபவரை ஊரில் ஜன்னி கண்டுவிட்டது என்பார்களே, அதோடு உறவுள்ள நிலைதான் இது. உடம்பில் வேறெங்கோ ஏற்பட்ட கோளாறினால் மூளையின் வேலை தற்காலிகமாகத் தடுமாறுகிறது. மின்னழுத்தம் குறைந்த வீட்டில் குண்டு பல்பு மங்கி மங்கி எரியும்; பல்பு கெட்டுப்போயிருக்காது. டெலிரியத்தில் மூளையின் கதையும் பெரும்பாலும் அதுதான்.

பைத்தியம் என்று நாம் சொல்லும் மனநோய்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் அடையாளங்கள் தெளிவானவை. டெலிரியம் சில மணி நேரத்தில், மிஞ்சிப்போனால் ஒன்றிரண்டு நாளில் வந்து நிற்கும். ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும். காலையில் தெளிவாகப் பேசி, வீட்டு மாட்டைப் பற்றிக்கூட விசாரித்தவர், பொழுது சாய்ந்ததும் வேறு ஆளாகிவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, கவனம் நிற்காது. ஒரு கேள்வி கேட்டால் பாதியிலேயே மனம் வேறெங்கோ போய்விடும். வயதானவர்களுக்கு வரும் மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று குழம்பினால் அது மறதி நோய் அல்ல.

இது அரிதான ஒன்று அல்ல என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வென்டிலேட்டரில் இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இது வருகிறது. சில ஆய்வுகளில் 80 சதவீதம் வரை. புற்றுநோயாளிக்கு ஆபத்து இன்னும் கூடுதல். நோயே உடம்பை அரித்திருக்கும், மருந்துகளின் பட்டியல் நீளும், சாப்பாடு இறங்காது, கிருமித்தொற்று எப்போதும் வாசலில் நிற்கும்.

இதற்கு நேர்மாறாக, நம்பிக்கை தரும் ஒரு செய்தியும் உண்டு. கனடாவின் எட்மன்டன் நகரில், முற்றிய புற்றுநோயோடு மருத்துவமனையில் சேர்ந்த 104 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டில் வெளியானது. சேரும்போதே 44 பேருக்கு டெலிரியம் இருந்தது. மொத்தம் கணக்கிட்ட 94 முறைகளில் 46 முறை அது சரியாகிவிட்டது. அதாவது, புற்றுநோய் முற்றிய நிலையிலும் கிட்டத்தட்டப் பாதி. "நோய் மூளைக்கு ஏறிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று கையை விரிப்பதற்கு முன் இந்தக் கணக்கை நினைக்க வேண்டும்.

கத்துகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். ஊசியைப் பிடுங்கினால் நர்ஸ் ஓடி வருவார், டாக்டரைக் கூப்பிடுவார். என் கவலை எல்லாம் மற்றவரைப் பற்றியது. டெலிரியத்தில் அமைதியான வகை ஒன்று இருக்கிறது. அவர் கத்தமாட்டார், எதையும் பிடுங்கமாட்டார். சுவரை வெறித்துக்கொண்டு படுத்திருப்பார். கேட்டால் அரை வார்த்தையில் பதில், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. சாப்பாடு ஊட்டினால் வாயிலேயே வைத்திருப்பார். "அப்பா இன்னைக்குத் தொந்தரவு இல்லாம தூங்குறார்" என்று குடும்பம் நிம்மதி அடையும். "பேஷன்ட் காம்" என்று கேஸ் ஷீட்டில் எழுதப்படும். உள்ளே மூளை திணறிக்கொண்டிருக்கும். ஐசியூக்களில் இந்த அமைதி வகையும், இரண்டும் கலந்த வகையும்தான் அதிகம். கத்தும் வகை மட்டும் தனியாக வருவது குறைவு. அமைதி வகையைத் தேடிப் பார்க்காவிட்டால் கண்டுபிடிக்க முடியாது. மனச்சோர்வு, அசதி, வயோதிகம் என்று ஏதோ ஒரு பெயரில் அது கடந்து போய்விடும்.

தேடிப் பார்ப்பதற்கு எளிய முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வெஸ் ஈலி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2001இல் வெளியிட்டது. வாயில் குழாய் இருந்து பேச முடியாதவரையும் சோதிக்கலாம்; இரண்டு மூன்று நிமிடம் போதும். நர்ஸ் 10 ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். "ஏ" என்ற எழுத்து வரும்போது மட்டும் நோயாளி நர்ஸின் கையை அழுத்த வேண்டும். இரண்டுக்கு மேல் தவறினால் கவனம் தடுமாறுகிறது என்று பொருள். அதன்பின் ஆம், இல்லை என்று தலையசைக்கும் கேள்விகள்: கல் தண்ணீரில் மிதக்குமா? கடலில் மீன் இருக்குமா? ஒரு கிலோ இரண்டு கிலோவைவிடக் கனமா? சுத்தியலால் ஆணி அடிக்க முடியுமா? மிளகை நிறுத்து விற்றே வாழ்ந்தவர் கிலோ கேள்வியில் தவறுகிறார் என்றால், அது அறியாமையால் அல்ல.

ஆங்கில எழுத்து தெரியாத ஒருவரிடம் இந்தச் சோதனையை அப்படியே செய்தால் முடிவு தவறாகும். அவர்களுக்காகப் படங்களைக் காட்டிச் செய்யும் முறையும் உண்டு. பள்ளிக்கூடம் போகாத மலைவாசி ஒருவரை ஐசியூவில் சோதிக்கும்போது, அவருக்கு எழுத்துத் தெரியுமா, காது கேட்குமா, கண்ணாடி போடுகிறவரா என்பதை வீட்டாரிடம் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் முறை. கேட்காவிட்டால் நாமே முன்வந்து சொல்லலாம்.

உறவினர்களிடம் கேட்கும் ஒரே ஒரு கேள்வியைக் கொண்டும் டெலிரியத்தைச் சந்தேகிக்க முடியும் என்று ஆஸ்திரேலியாவில் புற்றுநோய் வார்டு ஒன்றில் சோதித்துப் பார்த்தார்கள். "இவர் கொஞ்ச நாளாக வழக்கத்தைவிடக் குழப்பமாக இருக்கிறாரா?" அவ்வளவுதான் கேள்வி. அந்தக் கேள்வியிலேயே டெலிரியம் இருந்தவர்களில் பெரும்பாலோரை அடையாளம் காண முடிந்தது. டாக்டருக்கு இந்த மனிதரை நேற்றிலிருந்துதான் தெரியும். மனைவிக்கு 40 வருடமாகத் தெரியும். "இவர் இப்படிப் பேசுகிறவர் இல்லை" என்று வீட்டார் சொல்வதற்கு ரத்தப் பரிசோதனை முடிவுக்கு உள்ள மதிப்பு உண்டு.

அடுத்த கேள்வி, ஏன் வந்தது என்பது. டெலிரியத்துக்குச் சிகிச்சை என்றால் முக்கால் பங்கு இந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான். காரணம் ஒன்றாக இருப்பது குறைவு. பல காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கும்.

முதல் சந்தேகம் கிருமித்தொற்றின்மேல் விழ வேண்டும். கீமோ எடுத்தவருக்கு வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். அப்போது நுரையீரலிலோ சிறுநீரிலோ ரத்தத்திலோ தொற்று வந்தாலும் காய்ச்சல் பெரிதாகக் காட்டாமல் போகலாம். புத்தி தடுமாறுவதே முதல் அறிகுறியாக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

அடுத்தது ரத்தத்தில் உள்ள உப்புகள். மார்பகம், நுரையீரல், மைலோமா போன்ற புற்றுநோய்களில் கால்சியம் ஏறிவிடும். அடங்காத தாகம், மலச்சிக்கல், வாந்தி, பிறகு தூக்கம் தூக்கமாக வருதல், பிதற்றல். சலைனும் ஜோலிட்ரானிக் அமில ஊசியும் போட்டால் ஓரிரு நாளில் கால்சியம் இறங்கத் தொடங்கும், ஆளும் தெளியத் தொடங்குவார். சில வகை நுரையீரல் புற்றுநோயில் சோடியம் இறங்கும். அதை ஏற்றுவதில் அவசரப்படக் கூடாது, மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும். சர்க்கரை மிகவும் குறைவது, ஆக்சிஜன் குறைவது, கல்லீரலும் சிறுநீரகமும் சோர்ந்துபோவது எல்லாம் இதே வரிசையில் வரும்.

தொண்டை, உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோய்க்காரர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் கஞ்சித் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்காமல் வந்து சேர்வார்கள். உடம்பில் வைட்டமின் பி1 தீர்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளைக்கு நிரந்தரச் சேதம்கூட வரலாம். பி1 ஊசி விலை மலிவானது. அதை முன்கூட்டியே போட்டுவிட்டால் பெரிய தீங்கு ஒன்று தடுக்கப்படும். "எத்தனை நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை" என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சாப்பாடு போடவில்லை என்று நம்மை நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில் சிலர் இதைச் சொல்வதில்லை.

மருந்துகளே டெலிரியத்தைக் கொண்டுவரும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் லோரசிபாம், மிடசோலம் வகையறா முதலில் வரும். வாந்திக்கும் மூளை வீக்கத்துக்கும் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் இரவுத் தூக்கத்தைக் கெடுத்து ஆளைப் பரபரப்பாக்கும். கீமோவுக்கும் ரத்தம் ஏற்றுவதற்கும் முன்னால் நம் ஊர் மருத்துவமனைகளில் வழக்கமாகப் போடும் அவில் ஊசிகூட வயதானவரைக் குழப்பலாம். ஐபோஸ்ஃபமைட் என்ற கீமோ மருந்து நேராக மூளையையே தாக்கிக் குழப்பத்தை உண்டாக்குவதுண்டு. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கொல்லிமலைக்காரர்களிடம் இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். மூலிகை இந்த மலையின் செல்வம். வைத்தியரிடம் மருந்து வாங்கிச் சாப்பிட்டிருப்பது குற்றம் அல்ல. ஆனால் அதை ஐசியூ டாக்டரிடம் சொல்லாமல் விடக் கூடாது. ஊமத்தை சேர்ந்த மருந்து ஒருவரைப் பிதற்ற வைக்கும். வாய் உலரும், கண்மணி விரியும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். டாக்டர் திட்டுவார் என்று பயந்து மறைத்தால், காரணத்தைத் தேடி ஸ்கேனுக்கு மேல் ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும். குடியும் புகையிலையும் இப்படித்தான். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கமும் மாயக் காட்சிகளும் வலிப்பும் வரலாம். அதற்கான சிகிச்சை வேறு. மற்ற டெலிரியத்தில் தவிர்க்க வேண்டிய லோரசிபாம் வகை மருந்துகள்தான் இங்கே உயிரைக் காக்கும். அதனால்தான் உண்மையைச் சொல்வது இவ்வளவு முக்கியம்.

மார்ஃபினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. மார்ஃபின் உடம்பில் உடைந்து உண்டாகும் பொருள்கள் சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும். சிறுநீரகம் சோர்ந்துவிட்டால் அவை ரத்தத்தில் தேங்கும். அப்போது கை கால் வெட்டி வெட்டி இழுக்கும், பயங்கரக் கனவு வரும், புத்தி குழம்பும். உடனே குடும்பம் "மார்ஃபினை நிறுத்துங்கள்" என்கிறது. நிறுத்தினால் என்ன ஆகும்? வலி திரும்பும். அடக்கப்படாத வலியே டெலிரியத்துக்கு இன்னொரு காரணம். சரியான வழி, அளவைக் குறைப்பது, இல்லாவிட்டால் ஃபென்டானில் போன்ற வேறு வலிநிவாரணிக்கு மாற்றுவது, கூடவே நீர்ச்சத்து ஏற்றுவது. இந்தியாவில் மார்ஃபின் கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது. அப்படிக் கிடைத்த மருந்தைப் பயத்தினால் ஒதுக்கிவிடக் கூடாது.

சிறிய காரணங்கள் என்று நாம் ஒதுக்குபவை சில சமயம் முழுப் பழிக்கும் உரியவை. நான்கு நாளாக மலம் போகாதது, சிறுநீர் அடைத்துக்கொண்டு அடிவயிறு கல்லாக இருப்பது, காது மெஷினும் கண்ணாடியும் வீட்டிலேயே கிடப்பது. புற்றுநோய் மூளைக்குப் பரவுவதும் ஒரு காரணம்தான். ஸ்கேனில் அது தெரியும். வெளியே தெரியாமல் மூளைக்குள்ளேயே வலிப்பு ஓடிக்கொண்டிருந்தால் மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி எடுத்தால்தான் புலப்படும். ஆனால் இவை பட்டியலில் இருக்கும் பல காரணங்களில் சில மட்டுமே.

காரணங்களைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே, ஆளை அமைதிப்படுத்த ஓர் ஊசி போட்டால் என்ன என்று குடும்பம் கேட்கும். நியாயமான கேள்விதான். ஹாலோபெரிடால் என்ற மருந்து இதற்காகப் பல காலமாகக் கொடுக்கப்படுகிறது. அமெரிக்காவில் 566 ஐசியூ நோயாளிகளிடம் அதைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். வெறும் சலைன் பெற்றவர்களுக்கும் ஹாலோபெரிடால் பெற்றவர்களுக்கும் டெலிரியம் நீடித்த நாள்களில் வித்தியாசம் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஆஸ்திரேலியாவில், நோய்த்தணிப்புச் சிகிச்சையில் இருந்த 247 பேரிடம் செய்த ஆய்வில், இந்த வகை மருந்து பெற்றவர்களின் அறிகுறிகள் மருந்தில்லாத போலி மருந்து பெற்றவர்களைவிட மோசமாகவே இருந்தன. ஆகவே எல்லோருக்கும் வழக்கமாக இதைக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் இன்றைய வழிகாட்டல். தன்னையோ மற்றவரையோ காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்குத் துடிக்கும்போதும், இல்லாத ஒன்றைக் கண்டு நடுங்கும்போதும், சிறிய அளவில், குறுகிய காலத்துக்குக் கொடுப்பதில் தவறில்லை. வென்டிலேட்டரில் மயக்கத்தில் வைக்க வேண்டியவர்களுக்கு மிடசோலத்தைவிட டெக்ஸ்மெடிடோமிடின் கொடுத்தால் டெலிரியம் குறைவு என்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. மயக்க மருந்தின் அளவைத் தினமும் குறைத்துப் பார்த்து, முடிந்த அளவு விழிப்பாக வைத்திருப்பதும் சிகிச்சைதான்.

கையைக் கட்டிலோடு கட்டுவது நம் ஐசியூக்களில் சாதாரணமாக நடக்கிறது. நர்ஸ்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒருவரே பல கட்டில்களைப் பார்த்துக்கொள்ளும்போது, மூச்சுக்குழாயை நோயாளி பிடுங்கிவிட்டால் அது உயிருக்கு ஆபத்து. ஆனால் யாரோ தன்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று ஏற்கெனவே நம்புகிறவரின் கையைக் கட்டினால் அந்த நம்பிக்கை உறுதியாகிவிடும். துடிப்பும் கூடும். உறவினர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் பல நேரங்களில் கட்டை அவிழ்த்துவிடலாம்.

மருந்தில்லாத வழிகளுக்கு இருக்கும் பலம் இங்கேதான் தெரியும். அமெரிக்காவில் 70 வயதைத் தாண்டிய 852 நோயாளிகளிடம் 1999இல் வெளியான ஆய்வில், தூக்கம், நடமாட்டம், தண்ணீர், கண்ணாடி, காது மெஷின், பேச்சுத்துணை ஆகியவற்றை ஒழுங்காகக் கவனித்ததாலேயே டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தது. அது பொது வார்டு. ஐசியூக்களிலும், வலியை அடக்குவது, விழிப்பாக வைப்பது, படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வைப்பது, குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வது என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்த 68 ஐசியூக்களின் அனுபவம் 2019இல் வெளியானது. 15,000க்கும் மேற்பட்ட நோயாளிகள். எவ்வளவு முழுமையாகச் செய்தார்களோ அவ்வளவுக்கு டெலிரியமும் இறப்பும் குறைவாக இருந்தன.

பைல் நாட்டுக்காரருக்கு ஐசியூ என்பது எப்படிப்பட்ட இடம் என்று எண்ணிப் பாருங்கள். விடியற்காலைக் குளிரில் எழுந்து, இருட்டியதும் படுத்துப் பழகிய உடம்பு. இங்கே ஜன்னல் இல்லை. இரவு பகலாக விளக்கு எரிகிறது. மெஷின்கள் கூவிக்கொண்டே இருக்கின்றன. முகத்தை மூடிய ஆட்கள் வேற்றூர்ப் பேச்சில் அவசரமாக எதையோ சொல்லிவிட்டு நகர்கிறார்கள். நல்ல மூளைக்கே நாள் தப்பிவிடும்.

அங்கே போய் நீங்கள் செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. உங்கள் பெயரையும் உறவையும் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். "மாமா, நான் உங்க அக்கா மகன். இன்னைக்கு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. நீங்க சேலம் பெரியாஸ்பத்திரியில இருக்கீங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது." ஒவ்வொரு முறையும் இதையே சொல்லலாம்; சலித்துக்கொள்ளக் கூடாது. சோதிப்பதுபோல் "நான் யாரு சொல்லுங்க பாப்போம்" என்று கேட்காதீர்கள். இறந்த தம்பி வந்து நிற்கிறான் என்றால், இல்லை என்று மல்லுக்கட்டவும் வேண்டாம், ஆமாம் என்று ஒத்து ஊதவும் வேண்டாம். "உங்களுக்குப் பயமா இருக்கும், நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்றால் போதும். மிளகுக் கொடி இந்த வருடம் எப்படிக் காய்த்திருக்கிறது, ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்கு யார் யார் வந்தார்கள், அறப்பளீசுவரர் கோயிலில் என்ன விசேஷம் என்று அவருக்குப் பிடித்ததைப் பேசுங்கள். ஒரே நேரத்தில் நான்கு பேர் சூழ்ந்துகொண்டு அழுவது அவரை மேலும் கலக்கும். உள்ளே விடாத நேரத்தில் வீட்டுக் குரல்களைப் போனில் பதிவுசெய்து கொடுத்தால், சில நர்ஸ்கள் மனமுவந்து காதருகே வைத்துக் கேட்கச் செய்வார்கள்.

பூசாரியிடம் திருநீறு வாங்கி வந்து நெற்றியில் பூசுவதாலோ, குலசாமிக்கு வேண்டிக்கொள்வதாலோ சிகிச்சைக்குக் கெடுதல் இல்லை. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வாய்க்குள் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். மந்திரித்த தண்ணீரோ பச்சிலைச் சாறோ, புத்தி தெளியாதவருக்குக் கொடுத்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். வெள்ளணு குறைந்தவருக்கு அதில் இருக்கும் கிருமியே எமனாகும். காத்து கருப்பை விரட்டிவிட்டு வருகிறோம் என்று கையெழுத்துப் போட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போவது மிகப் பெரிய தவறு. சரியாகக்கூடிய ஒன்று அதனாலேயே சரியாகாமல் போய்விடும்.

எல்லாருக்கும் சரியாகிவிடும் என்று சொன்னால் அது பொய். எட்மன்டன் ஆய்வில் இறந்த 52 பேரில் 46 பேருக்குக் கடைசி நேரத்தில் டெலிரியம் இருந்தது. நோய் முடிவுக்கு வந்துவிட்டது, காரணத்தைத் தேடி ஊசி குத்துவதால் பயனில்லை என்று டாக்டர்கள் சொல்லும் கட்டம் ஒன்று உண்டு. அப்போது இலக்கு மாறுகிறது. துன்பமில்லாமல் வைத்திருப்பதே சிகிச்சை. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 2017இல் வெளியான ஆய்வில், கடைசி நாள்களில் துடித்துக்கொண்டிருந்த புற்றுநோயாளிகளுக்கு ஹாலோபெரிடாலோடு லோரசிபாம் சேர்த்துக் கொடுத்தபோது துடிப்பு நன்றாக அடங்கியது. மலையில் பல குடும்பங்கள் உயிர் வீட்டில்தான் போக வேண்டும் என்று விரும்பும். அது மதிக்கப்பட வேண்டிய விருப்பம். ஆனால் புத்தி குழம்பித் துடிக்கும் ஒருவரை 70 வளைவுகளில் ஏற்றிச் செல்வதற்கு முன், வழியில் கொடுக்க வேண்டிய மருந்து, வீட்டில் கொடுக்க வேண்டிய மருந்து, ராத்திரியில் கூப்பிட வேண்டிய எண் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புச் சேவை தருவதும் அடக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.

டெலிரியத்தில் இருப்பவரால் தன் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்க முடியாது. வென்டிலேட்டர் வேண்டுமா, இன்னொரு சுற்றுக் கீமோ வேண்டுமா என்பதெல்லாம் அவர் தெளிவாக இருக்கும்போதே பேசி வைத்திருக்க வேண்டியவை. புற்றுநோய் என்று தெரிந்த வீட்டில் இந்தப் பேச்சை எடுப்பது அபசகுனம் என்று தள்ளிப்போடுகிறோம். தள்ளிப்போட்ட பாரம் பிறகு மூத்த மகன் தலையில் ஒரே ராத்திரியில் விழுகிறது.

தேறி வீட்டுக்கு வந்தவரையும் கொஞ்ச காலம் கவனிக்க வேண்டும். ஐசியூவில் இருந்த 821 பேரைத் தொடர்ந்து 2013இல் வெளியான ஆய்வில், 74 சதவீதத்தினருக்கு மருத்துவமனையில் டெலிரியம் வந்திருந்தது. மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது 40 சதவீதத்தினரின் நினைவும் சிந்தனையும், தலையில் ஓரளவு பலமாக அடிபட்டவர்களின் அளவில் இருந்தன. டெலிரியம் எவ்வளவு நாள் நீடித்ததோ அவ்வளவுக்கு இந்தக் குறை கூடியது. கணக்கு வழக்கு தப்பலாம், மாத்திரை வேளை மறக்கலாம். நிலம், பணம் சம்பந்தமான கையெழுத்துகளைத் தள்ளிவையுங்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை மலைச் சாலையில் பைக்கை அவரிடம் கொடுக்காதீர்கள்.

அந்த நாள்களைப் பற்றி அவர் பேச விரும்பினால் பேச விடுங்கள். நியூயார்க்கில் டெலிரியத்திலிருந்து மீண்ட 101 புற்றுநோயாளிகளிடம் கேட்டதில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நடந்தது நினைவிருந்தது. அவர்களைவிட அதிகமாகத் துன்பப்பட்டது அவர்களுடைய மனைவியும் கணவனும்தான். நர்ஸைத் திட்டினேனே, உன்னைத் தெரியாது என்றேனே என்ற வெட்கத்தில் அவர் குன்றிப்போயிருக்கலாம். அது நோய் பேசிய பேச்சு என்று சொல்லிவிடுங்கள். பக்கத்தில் நின்று பார்த்தவர்களும் அதைத் தங்களுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும்.

வேலூர் பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் 1957இல் தொடங்கியபோது, நோயாளியோடு குடும்பத்தார் ஒருவர் கூடவே தங்கிக் கவனிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். மனநோயாளிகளைச் சங்கிலி போட்டுப் பூட்டிய காலம் அது. குடும்பத்தை உள்ளே விட்டால் நோயாளி தேறுவார் என்று தமிழ்நாடு அப்போதே கண்டுகொண்டது. ஆனால் இன்றைக்கும் பல ஐசியூக்களின் கதவு காலையும் மாலையும் பத்துப் பதினைந்து நிமிடம்தான் திறக்கிறது. கிருமித்தொற்றைப் பற்றிய கவலை நியாயமானது. கையைக் கழுவி, மாஸ்க் போட்டு, ஒருவர் மட்டும் என்று விதி வைத்தால் அது தீரும். டெலிரியம் வந்த நோயாளிக்காவது, அவரை நன்கு அறிந்த ஒருவரைப் பகலெல்லாம் பக்கத்தில் உட்கார அனுமதியுங்கள் என்று மருத்துவமனைகளைக் கேட்டுக்கொள்கிறேன். குடும்பத்தாரே, அனுமதி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பார்க்க விடும் அந்தப் பத்து நிமிடத்தில் ஆள் மாறியிருப்பதாகத் தோன்றினால், அவர் அமைதியாகவே படுத்திருந்தாலும், பணியில் இருக்கும் நர்ஸிடமும் டாக்டரிடமும் "இவர் வழக்கமாக இப்படி இருக்க மாட்டார், டெலிரியமா என்று பாருங்கள்" என்று அன்றைக்கே சொல்லுங்கள்.